தெருவில் நடக்காத வாத்தியம்

லியோன்ஸ் டுவெர்னே ஞாயிற்றுக்கிழமை விடியும்போது இறந்துபோனார். மறுநாள் காலை அவருடைய மனைவி ஏர்லீன் சிவப்பு பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் மற்ற காரியங்களைப் பார்த்தாள். நியூ ஆர்லியன்ஸில் திங்கட்கிழமை என்றால் வீட்டுக்கு வீடு பீன்ஸும் சோறும்தான். சாவு விழுந்த வீடு என்பதற்காகத் திங்கட்கிழமை செவ்வாய்க்கிழமை ஆகிவிடாது. தவிர, துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு எதையாவது போட்டாக வேண்டும். அழுகிறவர்களுக்குப் பசி அதிகம் என்பது அவள் அனுபவத்தில் கண்டது.

போடுவதற்குச் சோறு இருந்தது, உட்காரத்தான் இடமில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நாலு அறைகள் கொண்ட ஒடுங்கிய வீடு அது. முதல் அறையின் பாதியை டபுள் பேஸ் அடைத்துக்கொண்டு நின்றது. ஆளைவிட உயரமான, வயலினுக்குப் பெரியப்பா மாதிரியான வாத்தியம். ஏர்லீன் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, வாசிக்கப் போகாத நேரமெல்லாம் அது அந்த ஜன்னலோரத்தில்தான் நிற்கிறது. மகள் ரோசலின் பிறந்தபோது தொட்டில்தான் அடுப்படிக்குப் போனதே தவிர பேஸ் நகரவில்லை. துக்கத்துக்கு வந்த வாத்தியக்காரர்கள் முதலில் அதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பிறகுதான் ஏர்லீனைக் கட்டிக்கொண்டார்கள்.

மத்தியானம் வெண்டெல் வந்தார். லியோன்ஸின் பால்ய சிநேகிதர். சவ ஊர்வலப் பேண்டில் சூசபோன் ஊதுகிறவர். உடம்பைச் சுற்றி மலைப்பாம்பு போல வளைந்து தலைக்கு மேலே வாயைப் பிளக்கும் பித்தளைக் குழல் அது. அதை வருஷக்கணக்காகச் சுமந்ததில் அவருடைய இடது தோள் சரிந்து, வாத்தியம் இல்லாதபோதும் எதையோ தூக்கிக்கொண்டு நடப்பவர் போலவே இருப்பார்.

"வாத்தியக்காரங்க சங்கத்துல பேசிட்டேன் ஏர்லீன்," என்றார் தட்டை மடியில் வைத்துக்கொண்டு. "சனிக்கிழமை பேண்டு வந்துரும். சர்ச்லேர்ந்து கிளம்பி, பாலத்துக்குக் கீழ ஒரு சுத்து, அப்புறம் கல்லறை."

"பாலம் வேணாம்."

"எல்லாரையும் அந்த வழியாத்தானே எடுக்கிறோம்?"

"எல்லாரும் எப்படியோ போகட்டும். 'என்னை அந்தப் பாலத்துக்குக் கீழ கொண்டு போகாத'ன்னு அந்த மனுஷன் தலையணைல அடிச்சு சொல்லியிருக்காரு. ராபர்ட்சன் தெரு வழியாப் போங்க."

"சரிம்மா. பொணத்துக்கிட்ட வழக்காட முடியாது."

"இன்னொண்ணு இருக்கு." ஏர்லீன் கையிலிருந்த கரண்டியால் ஜன்னலோரத்தைக் காட்டினாள். "இதுவும் வரணும்."

வெண்டெல் பேஸைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். சோற்றை மென்று விழுங்கிவிட்டு, "எது, ஆமையோட வீடா?" என்றார்.

போகிற இடமெல்லாம் பேஸை முதுகில் சுமந்து போனதால் லியோன்ஸுக்கு ஆமை என்று பட்டப்பெயர் வைத்தவரே வெண்டெல்தான். அந்த ஊரில் ஜாஸ் என்பது கூடத்துக்குள் ஒரு மாதிரி, தெருவில் ஒரு மாதிரி. கூடத்தில் ஆடுகிறவர்களுக்கு வாசிக்கும்போது பேஸ் இல்லாமல் கால் எழும்பாது. தெருவில் பேஸுக்கு வேலையே இல்லை. நடந்துகொண்டே வாசிக்க முடியாத வாத்தியம் அது. தெருவில் அதன் இடத்தைச் சூசபோன் எடுத்துக்கொள்ளும். பேஸ் வாசிக்கிறவர்களில் பலர் இரண்டையும் பழகி வைத்திருப்பார்கள். லியோன்ஸுக்கு அது முடியவில்லை. பகலெல்லாம் சுண்ணாம்புப் பூச்சு வேலை. தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. "பொண்டாட்டிகூட சண்டை போடவே மூச்சு பத்தல, இதுல குழலு எங்க ஊதுறது?" என்பார். அதனால், ஊரில் எந்த வாத்தியக்காரர் செத்தாலும் கூடவே நடந்து வழியனுப்புகிற கூட்டத்தில் அவர் மட்டும் கையை வீசிக்கொண்டு பின்னால் போவார்.

ஒரே ஒருமுறை அவரும் முயன்று பார்த்ததுண்டு. அவரைத் தன் குழுவில் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட டிரம்பெட்காரர் எதியென் இறந்தபோது லியோன்ஸுக்கு மீசை அரும்பி அதிக காலம் ஆகவில்லை. குருநாதரைக் கைவீசி அனுப்புவதா என்று ரோஷம். திரைச்சீலைக் கயிற்றைப் பேஸின் கழுத்தில் கட்டி, தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு ஊர்வலத்தில் இறங்கிவிட்டார். முதல் தெருவில் அது முழங்காலை இடித்தது. இரண்டாம் தெருவில் முகவாயை இடித்தது. கல்லறைக்குத் திரும்பும் முனையில் ஆற்றுக்காற்று வந்து பேஸைப் பாய்மரம் போலப் பிடித்துத் தள்ள, லியோன்ஸ் சுழன்று பக்கமேளக்காரர் மேல் விழுந்தார். மேளம் உருண்டுபோய்ச் சவ வண்டிக் குதிரையின் காலுக்கிடையில் நின்றது. குதிரை மிரண்டு நாலடி பின்னால் வந்தது.

அப்போது வாசித்துக்கொண்டிருந்தது சோக கீதம். கல்லறை வரைக்கும் அப்படித்தான், ஓர் அடி வைத்து, நின்று, மறு அடி வைத்துப் போக வேண்டும். உடலை விடைகொடுத்து அனுப்பிய பிறகுதான் துள்ளல் பாட்டு, ஆட்டம், சிரிப்பு எல்லாம். அதற்கு முன்னால் யாராவது பல்லைக் காட்டினால் ஏழு தலைமுறைக்குப் பேசுவார்கள். அன்றைக்குத் தெருவே சிரித்துவிட்டது. எதியெனின் விதவை சாகும்வரை லியோன்ஸோடு பேசவில்லை.

அந்த முனையில் சர்பத் ஊற்றிய ஐஸைத் தின்றுகொண்டு நின்ற பெண்களில் ஏர்லீனும் ஒருத்தி. சாயங்காலம் லியோன்ஸ் அவள் வீட்டுப் படியில் வந்து நின்றார். முகவாய் வீங்கியிருந்தது.

"நீதானே சிரிச்சது?"

"ஊரே சிரிச்சுது. என்னை மட்டும் கேக்க வந்துட்ட."

"ஊர் சிரிச்சது பேண்டு சத்தத்துல போயிருச்சு. உன் சிரிப்பு தனியாக் கேட்டுது."

அடுத்த வசந்தத்தில் கல்யாணம். தன்னைப் பார்த்துச் சிரித்தவளை வெளியில் விட்டுவைப்பது ஆபத்து என்று கட்டிக்கொண்டதாக லியோன்ஸ் சொல்லித் திரிந்தார்.

பேஸ் வாசிப்பவன் பெண்டாட்டியாக வாழ்வதில் ஒரு விஷயம் உண்டு. கூட்டத்தில் யாரும் அவள் புருஷனைப் பார்ப்பதில்லை. டிரம்பெட்காரன் எழுந்து நின்றால் கைதட்டல், கிளாரினெட்காரனுக்கு விசில். லியோன்ஸ் எல்லோருக்கும் பின்னால், சுவரோரம், கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "அந்த மூலைல நிக்கிறாரே, அவர் என்ன பண்றாரு?" என்று ஒருத்தி ஏர்லீனிடமே கேட்டாள். "அவர் நிறுத்தினா தெரியும்," என்றாள் ஏர்லீன்.

கிளெய்போர்ன் சாலையில் அப்போது இரண்டு பக்கமும் ஓக் மரங்கள். கிளைகள் மேலே கைகோத்துக்கொண்டு, வெயில் நாளிலும் தரை ஈரமாகவே கிடக்கும். மரத்தடியில்தான் கறுப்பர்களின் கடைகள், இன்சூரன்ஸ் ஆபீஸ், சவ அடக்கக்காரர், முடிதிருத்துகிறவர் எல்லாம். கார்னிவல் நாளில் இறகு உடுப்புக்காரர்கள் வந்து ஆடுவதும் அங்கேதான். மரங்கள் முடிகிற இடத்தில் ஒரு நடனக்கூடம் இருந்தது. அதன் கூரையையும் சுவரையும் பூசியவரே லியோன்ஸ். பகலில் பலகைமேல் மல்லாந்து படுத்துப் பூசுவார், சனிக்கிழமை ராத்திரி அதற்குக் கீழே நின்று வாசிப்பார். மூலைகளைச் சதுரமாக விடாமல் கொத்துக்கரண்டியால் உருட்டி இழைத்திருந்தார். "மூலைல போற சத்தம் அங்கேயே உக்காந்துக்கும் ஏர்லீன். உருட்டி விட்டா திரும்பி வந்துரும்," என்பார். உண்மையோ என்னவோ, அந்தக் கூடத்தில் மட்டும் பேஸ் சத்தம் காலுக்கடியிலிருந்து ஏறி வயிற்றில் வந்து உட்காரும். ஏர்லீன் ரோசலினைச் சுமந்திருந்தபோது அங்கேதான் குழந்தை முதன்முதலாக உதைத்தது. ஏர்லீன் இதைச் சொன்னதும் லியோன்ஸ் தாளம் சரியாக இருந்ததா என்று கேட்டார்.

பிறகு பாலம் வந்தது. சாலைக்கு மேலே இன்னொரு சாலை, கார்கள் ஊருக்குள் இறங்காமலே பறப்பதற்காக. மரங்களை அறுத்தார்கள். கூடம் இருந்த இடத்தில் ஒரு தூண் எழுந்தது. லியோன்ஸ் கலகமும் பண்ணவில்லை, கண்ணீரும் விடவில்லை. ஒருநாள் போய்த் தூணை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். "ஒரு பூச்சு கூட இல்ல. பலகை அச்சு அப்படியே தெரியுது. இதுக்காடி என் சுவரை இடிச்சானுங்க?" என்றார். அன்றிலிருந்து அவர் பாலத்துக்குக் கீழே போனதில்லை. அந்தப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போவதென்றால்கூட, பாலம் தரையிலிறங்கும் இடம்வரை நடந்துபோய்ச் சுற்றிக்கொண்டு வருவார். இளைய பேண்டுக்காரர்களுக்கோ பாலம்தான் சொர்க்கம். கான்கிரீட்டில் எதிரொலிக்கிறது என்று அதன் கீழே நின்று உயிரைக் கொடுத்து ஊதுவார்கள். "குகைல கத்துற குரங்குங்க," என்பார் லியோன்ஸ்.

கூடம் போன பிறகு கல்யாண வீடு, சுற்றுலாக்காரர்கள் வரும் சாப்பாட்டுக்கடை என்று அங்கங்கே வாசித்தார். கைவிரல்கள் மடங்க மறுத்த வருஷத்தில் அதையும் நிறுத்தினார். ஆனாலும் சாயங்காலம் பேஸின்மேல் சாய்ந்து நின்று, அடித்தந்தியை மட்டும் கட்டைவிரலால் தட்டுவார். அடுப்படிச் சாமான்கள் சன்னமாக நடுங்கும். அதுதான் ஏர்லீனுக்குச் சமையல் நேரம்.

"ஒரு நாளாவது அது தெருவுல ஒழுங்காப் போகணும், வெண்டெல்," என்றாள் அவள் திங்கட்கிழமை மத்தியானம். "எல்லாரையும் கைய வீசிட்டு அனுப்பி வெச்ச மனுஷன். அவருக்காவது அவரோட வாத்தியம் வாசிக்கணும்."

"யாரு வாசிப்பா?"

"நீதான். சின்ன வயசுல உன்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சே. வித்துத்தானே சூசபோன் வாங்கின?"

வெண்டெல் தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் பீன்ஸ் போடு," என்றார். அதுதான் சம்மதம்.

பூச்சுவேலைக்காரர்கள் லியோன்ஸின் சுண்ணாம்புத் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார்கள். பலகையில் பேஸின் கால் நிற்க ஒரு குழி போட்டு, பின்னால் ஒரு கம்பத்தை நட்டுக் கழுத்தைக் கட்டினார்கள். வண்டி உருள, வெண்டெல் பக்கத்தில் நடந்துகொண்டே வாசிக்கலாம். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்திறங்கிய ரோசலின் அதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, என்ன இது? மறுபடியும் ஊரே சிரிக்கணுமா? அப்பா அந்தக் கதைய நினைச்சு சாகுறவரைக்கும் கூசினாரு."

"கூசினாரா? வாரத்துக்கு ஒருதடவ சொல்லுவாரு."

"சிரிச்சுட்டு சொல்லுவாரு. அதுக்கப்புறம் யாராவது செத்தா வாசல்ல அரைமணி நேரம் நின்னுட்டுத்தான் கிளம்புவாரு. நீ பாத்ததே இல்லையா?"

ஏர்லீன் பேஸின் கழுத்துக் கயிற்றை இன்னும் ஒருமுறை இறுக்கினாள். அவள் பார்த்திருக்கிறாள்.

வியாழக்கிழமை வீட்டுக்குப் பின்சந்தில் பேண்டுக்காரர்கள் ஒத்திகை பார்த்தார்கள். வண்டி நன்றாக உருண்டது, பேஸ் ஆடவில்லை. வெண்டெல் தலையைச் சாய்த்து, விரல் நோக வாசித்தார். சந்தின் கோடியில் நின்ற ஏர்லீனுக்கு டிரம்பெட் கேட்டது, டிராம்போன் கேட்டது, எங்கோ ஒரு நாய் குரைப்பதும் கேட்டது. பேஸ் மட்டும் கேட்கவில்லை.

"கொஞ்சம் மெதுவா ஊதுங்களேன்," என்று கேட்டுப் பார்த்தாள்.

"மிஸ் ஏர்லீன், நாங்க மெதுவாத்தான் ஊதுறோம்," என்றான் டிரம்பெட்காரன் பணிவாக. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தெருவில் ஊதிப் பழகியவர்களுக்கு மெதுவாக என்பது அவ்வளவுதான்.

வெண்டெல் விரலை ஊதிக்கொண்டார். "கூடத்துல சுவர் இருந்துச்சு, ஏர்லீன். தெருவுல வானந்தான் இருக்கு, சத்தம் நேரா மேல போயிருது. மீனு பாடுற மாதிரி வாய் மட்டும் அசையுது." பிறகு குரலைத் தாழ்த்தி, "பாலத்துக்குக் கீழன்னா கேக்கும்," என்றார்.

"அந்தப் பேச்சு வேணாம்."

"சொன்னேன். அவ்வளவுதான்."

சனிக்கிழமை பூசை முடிந்து பெட்டி வெளியே வந்தது. பக்கமேளக்காரர் சத்தம் மங்குவதற்காக மேளத்தின் அடிநரம்புக்குள் கைக்குட்டையைச் செருகி அதன் நாவைக் கட்டினார். முன்னால் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு, ஊர்வலத்தை நடத்திப் போகும் மார்ஷல், பிறகு பேண்டு, பிறகு சவ வண்டி. அதன் பின்னால் வெள்ளை வேலையுடுப்பில் நாலு பூச்சுக்காரர்கள் தள்ள, பேஸ் நிமிர்ந்து நின்றபடி வந்தது. பக்கத்தில் வெண்டெல். தோளில் பித்தளை இல்லாததால் அவர் வேறு யாரோ போலிருந்தார். ஏர்லீனும் ரோசலினும் தள்ளுவண்டியை ஒட்டி நடந்தார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. வாசல்களில் நின்றவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள், சிலர் பேஸைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார்கள். எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது. ஆனால் ஏர்லீன் கையெட்டும் தூரத்தில் நடந்தும் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. வெண்டெலின் விரல் தந்தியை இழுப்பது தெரிந்தது, தந்தி அதிர்வதும் தெரிந்தது. பேஸ் சவப்பெட்டி மாதிரியே வந்துகொண்டிருந்தது. பார்க்கலாம், தொடலாம், அதனிடமிருந்து ஒரு சொல் வராது. இதற்கு அதை ஜன்னலோரத்திலேயே விட்டிருக்கலாம்.

ராபர்ட்சன் தெரு முனையில் மார்ஷல் நின்றார். இடது பக்கம் திரும்பினால் லியோன்ஸ் கேட்டுக்கொண்ட வழி. நேரே, இரண்டு வீட்டு வரிசைக்கு அப்பால், பாலத்தின் நிழல் சாலைக்குக் குறுக்கே கறுப்பாகக் கிடந்தது. மார்ஷல் முறைக்காக ஒருமுறை ஏர்லீனைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் கை இடது பக்கம் காட்ட எழுந்தது. பாதியில் நின்றது.

"அம்மா?" என்றாள் ரோசலின்.

"அவர் வாய் சொன்னத ஆயுசு பூரா கேட்டாச்சு," என்றாள் ஏர்லீன். "கை சொல்றத ஊர் ஒரு நாளாவது கேக்கட்டும். நேரா போங்க."

"அப்பா அவ்வளவு சொல்லியும்..."

"திட்டினா என்னைத் திட்டட்டும். எனக்குப் புதுசா?"

பாலத்துக்குக் கீழே நுழைந்ததும் பித்தளைச் சத்தம் நாலு மடங்காகித் திரும்பி வந்து எல்லோரையும் அறைந்தது. மேலே கார்கள் தடதடத்தன. வண்டி நடுப்பகுதிக்கு வந்தபோது வெண்டெல் இடதுகையைத் தூக்கினார். டிரம்பெட்காரன் குழலை இறக்கினான். ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மேளமும் நின்றது.

வெண்டெல் அடித்தந்தியை ஒருமுறை இழுத்தார். அந்தச் சத்தம் தூணுக்குப் போய், மேலே தளத்துக்குப் போய், தரைவழியாக ஏர்லீனின் செருப்புக்குள் ஏறியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொன்று. இன்னொன்று. அதே சோக கீதம்தான், அடிக்குரல் மட்டும். இத்தனை வருஷமாக எல்லாப் பாட்டுக்கும் கீழே கிடந்தது, இப்போது மேலே ஒன்றுமில்லாமல் தனியாக நடந்தது. ரோசலின் தன்னையறியாமல் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் பிறப்பதற்கு முன்பே கேட்ட சத்தம். தொப்பி போட்டிருந்தவர்கள் கழற்றினார்கள். பின்னாலிருந்து ஒரு கிழவி, "நான் ஆடியிருக்கேன் இதுக்கு. இதோ, இந்த எடத்துலதான்," என்றாள் யாரிடமோ.

கடைசி இழுப்பு அடங்கியதும் மார்ஷல் அடி எடுத்து வைத்தார். பூச்சுக்காரர்கள் வண்டியைத் தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. முன்சக்கரம் மழைநீர் போகும் கம்பிச் சட்டத்துக்குள் இறங்கியிருந்தது. மறுபடி தள்ளினார்கள். பேஸ் முன்னால் குனிந்து, யோசித்துவிட்டு, மறுபடி நிமிர்ந்தது.

வெண்டெல் அதன் முதுகில் தட்டி, தனக்கும் லியோன்ஸுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "டேய் ஆமை, இத்தனை வருஷம் கழிச்சு வந்தும் நகர மாட்டியா?"

ஆனால் அது பாலத்தின் அடி. ஆமை, ஆமை என்று எதிரொலி தூணுக்குத் தூண் போய்ச் சொன்னது.

ஏர்லீன் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பித்தளை எதுவும் ஒலிக்காத நேரம் அது. அவள் சிரிப்பு தனியாகக் கேட்டது. ஒரு கணம் எல்லோரும் விறைத்து நின்றார்கள், இன்னும் உடலுக்கு விடைகொடுக்கவில்லையே என்று. பிறகு ரோசலின் கண்ணீரோடு சிரித்தாள். அப்புறம் தெருவே சிரித்தது. பாதிரியார் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது.

நாலு பேர் சேர்ந்து சக்கரத்தைத் தூக்கி வெளியே எடுத்தார்கள். ஏர்லீன் வழியில் நின்ற தூணை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். பலகை அச்சு இன்னும் அப்படியே இருந்தது.

"பாத்தியா," என்றாள் மகளிடம். "ஒரு பூச்சு கூட இல்ல. ஆனா நல்லாத்தான் கேக்குது. இத அவர்கிட்ட சொல்லியிருந்தா ஒரு வாரம் பேசியிருக்க மாட்டாரு."

வெயிலுக்குள் வந்ததும் பித்தளை மறுபடி எழுந்தது. பேஸ் மறுபடி காணாமல்போனது. வெண்டெல் மட்டும் கல்லறை வாசல்வரை நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே நடந்தார்.